மன்னிப்பை நம்பித் திரும்பி வந்தவர்கள்



இராக்கை ஆண்ட சதாம் உசேன் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் மகன்கள் கதையைத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அவர் பெண்கள் ரகத், ரானா ஞாபகம்தான் வரும்.

நம்ம பக்கத்து வழக்கம் மாதிரிதான் அங்கேயும். சதாம் முதலில் கட்டியது சொந்தத் தாய்மாமன் மகள் சாஜிதாவை. இரண்டு பெண்களையும் பங்காளி வகையில் உசேன் கமால், சதாம் கமால் என்ற அண்ணன் தம்பிக்கே கட்டி வைத்தார். வெளி ஆளை நம்பாத மனுஷன், பதவியையும் பெண்ணையும் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்தார். ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாம் மூத்த மாப்பிள்ளை கைக்கு வந்தன. மூத்த மகன் உதய்க்கு அது பொறுக்கவில்லை. 1988-ல் அப்பாவின் வேலைக்காரரையே விருந்தில் அடித்துக் கொன்றவன் அவன். இரண்டாம் கல்யாணத்துக்குத் தூது போனார் என்று கோபமாம்!

1995 ஆகஸ்டில் உதய் தன் சித்தப்பா வத்பானையே காலில் சுட்டான். அதே சமயத்தில் மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜோர்டானுக்கு ஓடிவிட்டார்கள். மன்னித்துவிட்டேன் என்று மாமனார் சொல்லியனுப்ப, 1996 பிப்ரவரியில் நம்பித் திரும்பினார்கள். வந்ததுமே விவாகரத்து. இரண்டு மூன்று நாளில் அவர்கள் இருந்த வீட்டைச் சுற்றி வளைத்து, உறவுக்காரர்களே சுட்டுக் கொன்றார்கள். குலத்தின் மானத்துக்காகவாம். அப்போது ரகத்துக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை.

"துரோகிக்கு வேறென்ன கிடைக்கும்?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "அரசியல்ல இதெல்லாம் சகஜம்" என்கிறார் என் வீட்டுக்காரர். நான் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அம்மா வீட்டில் கிணற்றுக்காகச் சித்தப்பாவும் அப்பாவும் பதினோரு வருஷம் பேசவில்லை. ஆனாலும் சொல்லிக் கேட்க ஊர்ப் பெரியவர் இருந்தார், கடைசியில் முன்சீப் கோர்ட் இருந்தது. யாரும் யாரையும் வெட்டவில்லை. அங்கே என்ன இருந்தது? போலீசும் அப்பா, கோர்ட்டும் அப்பா, ஊர்ப் பெரியவரும் அப்பா. அடுத்த வாரிசு யார் என்பதற்கும் சட்டம் கிடையாது, அப்பா கண்ணசைப்புத்தான். 1996 டிசம்பரில் உதய் மேல் குண்டு பாய்ந்து நடக்க முடியாமல் போக, இளையவன் குசை கை ஓங்கியது, அவ்வளவுதான். இப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள், சொல்லுங்கள்?

2003 ஜூலை 22-ல் மோசூலில் அமெரிக்கப் படை உதயையும் குசையையும் கொன்றது. குசையின் பதினாலு வயசு மகனும் கூடவே போனான். அந்த மாசக் கடைசியில் ரகத்தும் ரானாவும் ஒன்பது பிள்ளைகளோடு மறுபடியும் அதே ஜோர்டானுக்கே போய்ச் சேர்ந்தார்கள். டி.வி. பேட்டியில் அப்பாவை அன்பானவர் என்றே ரகத் சொன்னாள். 2006 டிசம்பரில் அவர் தூக்கில் போகும்வரை வக்கீல் ஏற்பாட்டுக்கும் அவள்தான் அலைந்தாள்.

புருஷனைக் கொன்றவருக்கா இவ்வளவும் என்று அக்கா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா எப்படிச் செத்தார் என்று பிள்ளைகள் கேட்டிருக்குமே, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் யோசிக்கிறேன்.

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்