பாசம் மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும்!



தோட்டத்தில் நாம் வாழ்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அந்தத் தாய் இறந்துபோனால், பக்கத்து லயத்து அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். யாரும் மனு எழுதவில்லை. பிள்ளை வளர்ந்தது.

இன்று கூலாய், மாசாய், ஸ்கூடாய் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். விடிகாலையிலேயே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறோம். ஆனாலும் ஆதரவற்ற பிள்ளைக்குச் சோறு போடும் மனம் நம்மிடம் மாறவில்லை. பத்திரம் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் பழக்கமும் மாறவில்லை!

பிறகு என்ன ஆகிறது? பள்ளியில் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள். மருத்துவமனையில் கையெழுத்துப் போடப் போனால், "நீங்கள் யார்?" என்கிறார்கள். 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வழியில்லை. பாசத்தோடு வளர்த்த பிள்ளை, பிறந்த நாட்டிலேயே நாடற்றவனாக நிற்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, ஒரு பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் குழந்தைப் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும். உறவுக்காரப் பிள்ளையானாலும் இலாகாவில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிள்ளைக்காகப் பணம் கைமாறினால் அது குற்றம்.

கைவிடப்பட்ட பிள்ளையை, தகுதியுள்ள வளர்ப்புப் பெற்றோரிடம் 2 ஆண்டுகள் வரை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி வளர்ப்பவர்களுக்கு இலாகாவின் உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது, விண்ணப்பித்துக் கேளுங்கள். வளர்ப்பது வேறு, தத்தெடுப்பது வேறு. தத்தெடுக்க 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு உள்ளன. தத்தெடுத்ததும் குடியுரிமை தானாக வந்துவிடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

"நாமே வாடகை வீட்டில் இருக்கிறோம், நம்மை யார் ஏற்பார்கள்?" என்று ஒதுங்காதீர்கள். நாம் முன்வராவிட்டால், நம் பிள்ளைகள் இல்லங்களில் தமிழ் கேட்காமலே வளரக்கூடும். பிறகு யாரைக் குறை சொல்வது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்திரமில்லாத பிள்ளை இருந்தால், நாளைக்கே உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்நேரமும் அழையுங்கள்.

அந்தக் கால அக்கா பிள்ளைக்குச் சோறு போட்டார். நாம் சோற்றோடு அதன் உரிமையையும் கொடுப்போம்!