சுறாப் பல்லுக்கு லேபிள் எங்கே?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். நூல் எந்த லாட், துணி எந்த டையிங், பீஸ் எந்த ஆர்டர் என்று எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கும். ஒரு பனியனுக்கே இத்தனை கணக்கு!

ஆனால் பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள் சிலர், சுமார் 10 கோடி வருடப் பழமையான சுறாப் பல்லைப் பொறுக்கி, ஒரு வரி கூட எழுதாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஷோகேஸில் நாலு நாள் அலங்காரம். அப்புறம் குப்பை.

"சின்னக் கல்லுதானே, என்ன குடி முழுகிப் போச்சு?" என்று கேட்பார்கள். முழுகத்தான் செய்கிறது. சுறாவின் உடம்பைத் தாங்குவது குருத்தெலும்பு. அது மக்கிவிடும். பெரும்பாலும் பல் மட்டும்தான் மிஞ்சும். ஒரு சுறா ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பல் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற தகவல் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். எழுதாமல் எடுத்தால் அதுவும் போச்சு.

எழுதி வைத்தால் என்ன லாபம்? காரையில் முறையாகச் சேகரித்த பற்களை வைத்துத்தான் 2011-ல் ஆய்வாளர்கள் புதிய சுறா இனங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் துவார்டியஸ் சுடிண்டிகஸ். பெயரிலேயே தென்னிந்தியா!

1840-களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம் பக்கம் சேகரித்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். மீன், சுறாப் பற்களைப் பற்றி எகர்டன் 1845-ல் எழுதினார். நம் சொத்தை அள்ளிப் போனார்கள் என்று தாராளமாகத் திட்டலாம். ஆனால் அவர்கள் கூட எந்த ஊரில் எடுத்தது என்று எழுதி வைத்தார்கள். நாம்?

சரி, யாருமே தொடக்கூடாதா? அதுவும் அபத்தம். காரை மண்ணை ஒவ்வொரு மழையும் அரிக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. யாராவது எடுத்தால்தான் மிஞ்சும். சாத்தனூர் கல்மரம் போலப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்ற இடத்தில் பல் கிடைத்தால், எடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ. பிறகு இடம், தேதி, அடுக்கின் நிறம் எழுதிய ஒரு சீட்டு. அதோடு சேர்த்து வாரணவாசி அருங்காட்சியகத்திலோ, நிலவியல் துறை உள்ள கல்லூரியிலோ கொடுங்கள்.

புவிப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க மத்திய அரசு 2022-ல் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. ஆனால் ஒரு சீட்டு எழுத எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. ஒரு பேனா போதும்.

பில் இல்லாத சரக்கை வியாபாரி வாங்க மாட்டான். ஊர் தெரியாத பல்லை அறிவியலும் வாங்காது.