முட்டிக்கு அடியில் தலையணையா? முதலில் அதை எடுங்கள்!

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். மணவூரில் வளர்ந்த எனக்கு அவற்றில் ஓடி ஏறித்தான் பழக்கம். போன வருடம் ஷட்டில் ஆடும்போது ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எம்.ஆர்.ஐ எடுத்ததில் ஏ.சி.எல் ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. ஆடிக்கிருத்திகைக்கு ஊரே காவடியோடு படியேற, நான் கட்டிலில் கிடந்தேன்.

வலிக்கிறதே என்று அம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், காலை முழுசாக நீட்ட முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே, "தலையணையை எங்கே வெச்சிருந்தீங்க?" என்பதுதான்.

வீங்கிய முட்டிக்கு, லேசாக மடங்கியிருந்தால்தான் சுகம். அப்படியே விட்டால் பின்பக்கத் தசைகள் இறுகும், முன்தொடைத் தசை பலமிழக்கும், உள்ளே தழும்புத் திசு சேரும். முட்டி கொஞ்சம் நீளாமல் போனாலும் நடை நொண்டும். அதனால் மடக்குவதைவிட நீட்டுவதற்கே முதலிடம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்று:

* சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைக்காமல் குதிகாலுக்கு அடியில் வைத்து, கால் தானாக நீள விடுவது.
* காலை நீட்டி, முன்தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுவது.
* படுத்தபடியே குதிகாலைத் தரையில் தேய்த்து, மெதுவாக உடம்பை நோக்கி இழுப்பது.

பயிற்சியில் லேசான இழுப்பு இருக்கலாம். மறுநாள் வீக்கம் கூடினால், அளவு மீறிவிட்டோம் என்று அர்த்தம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு எவ்வளவு மடக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் சொல்வதுதான் கணக்கு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ தாமதிக்காதீர்கள்.

சமதளத்தில் நடக்க, முட்டி சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90 டிகிரி வரை வேண்டும். சம்மணம் போடவும் குத்தவைக்கவும் 120 டிகிரிக்கும் மேலே. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் நம் வீடுகளில் அந்தக் கடைசிக் கட்டம்தான் பெரிய ஏக்கம். அதுதான் மெதுவாகவும் வரும்.

ரிஷப் பந்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் அவரது வலது முட்டியின் தசைநார்கள் கிழிந்தன. 2023 ஜனவரியில் மும்பையில் ஆபரேஷன். 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல் மைதானத்துக்குத் திரும்பினார். கிட்டத்தட்ட 15 மாதம்! பந்துக்குப் பந்து குத்தவைத்து எழும் விக்கெட் கீப்பர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில், நம் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 109 ரன் அடித்தார். உலகத்தரமான சிகிச்சை கிடைத்தவருக்கே அவ்வளவு காலம் ஆனது. மூன்று மாதத்தில் சரியாகவில்லையே என்று நாம் அழுவதில் நியாயமில்லை.

போன மாதம் டாக்டர் அனுமதியோடு திருத்தணிப் படிகளில் ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்தேன். இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் வைத்தேன். ஏறியதைவிட இறங்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கூட வந்த அம்மா, படிக்குப் படி நின்று என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் தலையணை இப்போது தலைக்கு மட்டும்தான்.