கோதுமை மேல் சந்தேகம், பருத்தி மேல் மௌனம்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வெளிநாட்டுக் கோதுமை இறங்கினால் போதும், அது மரபணு மாற்றியது என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. 2016-17இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. அது மரபணு மாற்றிய கோதுமை அல்ல. பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய கோதுமை உலகில் எங்குமே வணிகப் பயிராகவில்லை. அர்ஜென்டினா 2020இல் அனுமதித்த எச்பி4 கோதுமைகூட வறட்சியைத் தாங்கத்தான்; அதில் உள்ளது சூரியகாந்தி மரபணு.

கோதுமையில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் கலப்பு. நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுப்புல்லின் துருநோய் எதிர்ப்புக் குணத்தைக் கலப்பின் வழியாகவே கோதுமைக்குள் கொண்டுவந்தார்கள். பசுமைப் புரட்சியின் மெக்சிகோ கோதுமையும் அப்படித்தான். அந்த விதையை விவசாயி எடுத்துவைத்து மறு வருஷம் விதைக்கலாம். யாரும் கேட்க முடியாது!

சரி, மரபணு மாற்றம் எங்கே இருக்கிறது? பருத்தியில். மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவைச் செருகிய பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. காய்ப்புழு முதலில் அடங்கியது உண்மை. மருந்தடிப்பும் குறைந்தது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது; 2010இல் குஜராத்தில் அது வெளிப்படையாகவே தெரிந்துவிட்டது. புழு பழகாமலிருக்க ஓரத்தில் விதைக்கச் சொல்லி பையோடு தந்த 120 கிராம் சாதா விதையைப் பலர் விதைக்கவே இல்லை. ஓரத்தில் புழுவுக்குத் தீனி போடச் சொன்னால் எந்தச் சம்சாரி கேட்பார்?

கோளாறு மரபணுவில் மட்டும் இல்லை. அதை வீரிய ஒட்டு ரகத்தில் வைத்துத்தான் விற்றார்கள். அதன் விதையை எடுத்து விதைத்தால் செடி ஒன்றுபோல வராது, விளைச்சலும் விழும். வருஷாவருஷம் கடைக்குப் போகவேண்டும். கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணி அப்படியல்ல: மானாவாரியில் நிற்கும், சாறுறிஞ்சும் பூச்சியை ஓரளவு தாங்கும், விதையும் வீட்டிலேயே கிடைக்கும். குட்டை இழை என்று ஆலைகள்தான் ஒதுக்கின. 1908இல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்திய கோரல் மில் இருந்த ஊருக்கு, இன்று பருத்தியும் கப்பலில் வருகிறது.

எடுத்துவைத்து விதைக்கக்கூடிய பி.டி. ரகம் முடியாத காரியமும் அல்ல. அரசு நிறுவனங்கள் உருவாக்கிய பிகானேரி நர்மா 2009இல் விற்பனைக்கு வந்தது. அதில் தனியார் நிறுவனத்தின் மரபணு கலந்திருப்பதாகச் சர்ச்சை எழ, விற்பனை நின்றது. துறைமுகத்துக் கோதுமையைச் சந்தேகிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.