தாயம் விழுந்தால் ஒரு நாவல்!

கோடை விடுமுறையில் வீட்டுக்கு வீடு கேட்கிற சத்தம் ஒன்றுதான்: "போனைக் கீழே வை!" வைத்துவிட்டு என்ன செய்ய என்று பிள்ளைகள் கேட்டால்தான் நாம் முழிப்போம். இந்த வருஷம் கயத்தாறில் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. பரணில் கிடந்த தாயக்கட்டைதான் அந்தப் பதில்.

ஆட்டக்காரர்கள் நாலு பேர். பத்தாம் வகுப்பு போகிற அக்கா மகள், ஏழாம் வகுப்புத் தம்பி, நான், எங்கள் ஆச்சி. விதிகளும் தாயத்தின் விதிகளேதான். ஒன்று விழுந்தால்தான் முதல் புத்தகத்தைத் திறக்கலாம். அதற்குப் பிறகு விழுகிற எண்தான் அடுத்த புத்தகத்தைச் சொல்லும். இரண்டு என்றால் நம் பக்கத்து எழுத்தாளர். மூன்று என்றால் நம் வயதுக்காரர் நாயகனாக வரும் கதை. நான்கு என்றால் விருது வாங்கியது. ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தரம் உருட்டிப் பிடித்ததை எடுக்கலாம். படித்து முடித்தால் ஒரு பழம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் கதையை எல்லாருக்கும் சொன்னால்தான் பழம் செல்லும். சொல்லத் திணறினால் வெட்டு!

என்ன புத்தகம் என்பதில்தான் யோசனை. நம் பிள்ளைகள் சிறுவர் கதையிலிருந்து ஒரே தாவாகப் 'பொன்னியின் செல்வ'னுக்குப் போய்விடுவார்கள். இல்லையென்றால் படிப்பதையே விட்டுவிடுவார்கள். நடுவில் 12 வயதிலிருந்து 18 வரைக்கும் ஒரு பருவம் இருக்கிறதே! அதற்கானதுதான் இளையோர் நாவல். அமெரிக்காவில் 1967-ல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ்.ஈ.ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. தன் வயதுப் பிள்ளைகளின் கதை எங்குமில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதியது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இங்கிருந்து கோவில்பட்டி பஸ் ஏறினால் வழியிலேயே இடைசெவல், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது.

தம்பிக்கு அதுதான் விழுந்தது. கீழடி மண்ணுக்கும் இன்றைய பையனுக்கும் முடிச்சுப் போடுகிற கதை. இரண்டே நாளில் பழம். மூன்றாம் நாள், "சித்தி, ஆதிச்சநல்லூர் நம்ம மாவட்டம்தானே, எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று நின்றான். பாடப்புத்தகத்தில் படித்தபோது வராத கேள்வி!

ஆச்சிக்குச் சின்ன எழுத்து தெரியாது. அதனால் கி.ரா.வின் 'பிஞ்சுகள்' குறுநாவலைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார்கள். பறவைகள் பின்னால் அலைகிற சிறுவனின் கதை அது. ஆச்சி பாதியிலேயே நிறுத்தி, செம்போத்து எங்கே கூடு கட்டும் என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டாள். அதற்கும் ஒரு பழம் கொடுத்தோம்.

அக்கா மகளுக்கு மூன்று விழுந்தது. பூமணியின் 'வெக்கை'யை எடுத்தாள். 1982-ல் வந்த நாவல். 'அசுரன்' படத்துக்கு மூலம். இளையோருக்கென்று எழுதியதல்ல. ஆனால் நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். கொடுக்கலாமா என்று அக்காவுக்குத் தயக்கம். நான் ஒருமுறை மறுபடி படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அன்று ராத்திரி அவள் கதை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். "எனக்கும் பதினஞ்சுதான் சித்தி. அவன் இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு அவளே, தன் வகுப்பில் யார் யார் என்ன கலரில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அதுவரை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

நம் தென்மாவட்டங்களில் இது சின்ன விஷயமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் கலர் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. கயிற்றைத் தடை செய்யலாம். கயிறு கட்டாதவன் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே? அவன் வீட்டுக்குள் நாலு நாள் இருந்துவிட்டு வர நாவலில் இடமிருக்கிறது.

பேசத் தயங்கும் இன்னொரு விஷயத்துக்கும் புத்தகம் உண்டு. யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-ல் இதே புரஸ்கார் பெற்றது. தப்பான தொடுதலுக்கு ஆளாகும் சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி தைரியம் சொல்கிற கதை. அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்கலாம்.

நீங்களும் ஆடிப் பார்ப்பதென்றால் மூன்று யோசனைகள்:

* பெரியவர்களும் ஆட வேண்டும். நாம் போனைப் பார்த்துக்கொண்டு அவர்களைப் படிக்கச் சொன்னால் ஆட்டம் முதல் நாளே முடிந்துவிடும்.

* 50 பக்கம் தாண்டியும் பிடிக்காத புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி உருட்டலாம்.

* கதையைக் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்றால் பரீட்சை வாடை அடிக்கும்.

எல்லாப் புத்தகமும் வாங்க வேண்டியதில்லை. பக்கத்து நூலகத்தில் பிள்ளைகள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுங்கள்.

எங்கள் கணக்கில் இதுவரை பதினோரு பழம். ஆச்சிதான் முன்னணியில்!