இடுப்பு வலி வயதின் கோளாறா, வேலையின் கொடுமையா?

"வயசாகிவிட்டது." "வாயுக் கோளாறு." "உழைக்கப் பிறந்தவனுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?"

புதுக்கோட்டை ஜில்லாவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உழைப்பாளிக்குக் கிடைக்கும் பதில்கள் இவை. நிலக்காரர் சொல்கிறார், மில் மேஸ்திரி சொல்கிறார். பல சமயம் நாமே நம்மைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

முப்பது வயதுப் பெண்ணுக்கு என்ன வயசாகிவிட்டது? நடவுக்குப் போனவள் இரவில் புரண்டு படுக்க முடியாமல் தவிப்பது எந்த வாயுவால்?

கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் வந்தபோது நட்டு முடித்தாக வேண்டும். காலையில் சேற்றில் குனிகிற பெண் வெயில் ஏறிய பிறகுதான் நிமிருகிறாள். கீரமங்கலம் பக்கம் விடிவதற்கு முன்பே பூச்செடிக்குக் குனிகிறார்கள். மில்லில் அறுந்த இழையை ஒட்டக் கழுத்தை முன்னே நீட்டியபடி ஷிப்டு முழுவதும் நடக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு நெல் மூட்டை 40 கிலோ. 200 மூட்டை தூக்கினால் 8,000 கிலோ, அதாவது எட்டு டன், ஒரு மனிதனின் முதுகு வழியாகப் போகிறது!

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். நடுவே மெத்தைபோல் வட்டத் தட்டுகள். குனிந்து பாரம் தூக்கும்போது அந்தத் தட்டுகள் மேல் அழுத்தம் பலமடங்காகிறது. குனிந்தபடியே மணிக்கணக்கில் நின்றால் தசையும் நாரும் களைத்துப் போகின்றன. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்குகிறது. கழுத்தும் இப்படித்தான். நாலைந்து கிலோ எடையுள்ள தலையை முன்னே சாய்த்தால், அதைத் தாங்க பின்கழுத்துத் தசை ஓயாமல் இழுத்துப் பிடித்தாக வேண்டும். இதில் விதி எங்கே வந்தது?

2020ல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்யமுடியாமல் முடக்கும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். இத்தனை பேரும் சோம்பேறிகளா?

வலியை விற்கும் வியாபாரம்

வலி வந்தவனைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிடுகிறது. இங்கே தைலம், அங்கே பெல்ட், இன்னொரு இடத்தில் கரண்ட் வைத்தியம். வாங்கிய கூலி கடைக்குப் போகிறது, வலி வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் என்ன சொன்னது? வேறு நோய் காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு, முறையாகக் கற்றுக்கொடுத்துச் செய்யவைக்கும் உடற்பயிற்சி வேண்டும், நோயாளிக்கு விளக்கம் வேண்டும் என்றது. இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோலில் கரண்ட் வைப்பது, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. எவற்றுக்குக் காசு பிடுங்குகிறார்களோ அவற்றில் பல இந்த "வேண்டாம்" பட்டியலில்தான் இருக்கின்றன!

பிசியோதெரபி எனும் இயன்முறை சிகிச்சை மந்திரமல்ல. எந்தத் தசை தளர்ந்தது, எந்த மூட்டு இறுகியது என்று சோதித்து, அதற்கேற்ற பயிற்சியைப் பழக்குவதுதான் அது. ஒருவருக்குச் சொன்ன பயிற்சி இன்னொருவருக்கு ஆகாது. படுத்தே கிடப்பதும் மருந்தல்ல, தாங்கும் அளவுக்கு நடமாட வேண்டும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஆனால் எச்சரிக்கை! கால் பலமிழந்தால், மர்ம இடம் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோய்கூட முதுகெலும்பைப் பிடித்திருக்கலாம். பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

நேரம் எங்கே? கூலி எங்கே?

"தினம் அரைமணி பயிற்சி செய், கனம் தூக்காதே, குனியாதே" என்கிறார் வைத்தியர். நல்ல யோசனை. குனியாமல் எப்படி நடுவது? ஒருநாள் சிகிச்சைக்குப் போனால் அன்றைய கூலியை யார் தருவது?

ஈ.எஸ்.ஐ.யில் உள்ள மில் தொழிலாளிக்கு ஒரு வழி உண்டு. சந்தா கட்டிய தகுதி இருந்தால், நோய் விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். அது தர்மமல்ல, உரிமை. சம்பளத்தில் பிடித்த பணத்துக்குப் பதில். பல தொழிலாளிகள் அதைக் கேட்பதே இல்லை. விவசாயக் கூலிக்கோ அதுவும் இல்லை.

தொழில் நோய்களுக்கான சட்டப் பட்டியலைப் பாருங்கள். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் இருக்கிறது. குனிந்து குனிந்து வந்த இடுப்பு வலிக்கு இடமில்லை. வேலை தந்த நோயை வேலையின் நோய் என்று ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமே!

2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் வீட்டில் நிமிர்த்திய முதுகை மறுநாள் வயலில் மடக்கினால் என்ன பயன்? ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

கலிபோர்னியா சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லெட்யூஸ் கீரைத் தோட்டங்களில் கூலிகளுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை. நிமிர்ந்தவன் யார் என்று கங்காணி தூரத்திலிருந்தே கண்டுகொள்வான். முதுகு நாசமாகிறது என்று டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். நீளப் பிடி போட்டால் பயிர் கெடும் என்று முதலாளிகள் அழுதார்கள். தொழிலாளர் விடவில்லை. 1975ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, அதே வருஷம் குட்டைப் பிடி தடை செய்யப்பட்டது. கீரைச் சாகுபடி அழிந்ததா? இல்லை! முதுகுகள்தான் பிழைத்தன.

நம் வயலுக்கும் நின்றபடி தள்ளும் களைக்கருவி வந்திருக்கிறது, நடவு இயந்திரமும் வந்திருக்கிறது. ஆனால் "இயந்திரம் வந்தால் இடுப்பு தப்பும், கூலி போய்விடுமே" என்று நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. இயந்திரத்தின் லாபம் முழுவதும் நிலக்காரர் பைக்குப் போனால், முதுகு வலிக்குப் பதில் வயிற்று வலிதான் மிஞ்சும். ஆகவே கருவியும் வேண்டும், கூலிக்கும் வேலைநாளுக்கும் காப்பும் வேண்டும்.

நாம் கேட்பது இவைதான்:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறித்த நாளில் இயன்முறை சிகிச்சை. மாலை நேரத்திலும் வேண்டும்.

2. சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி. விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்கால உதவி.

3. நடவிலும் மில்லிலும் கூலி பிடிக்காத இடைவேளை.

4. மூட்டை எடைக்கு வரம்பு. ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு அதைவிட வெகு குறைவு என்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1967லேயே பரிந்துரைத்தது. நாள் முழுவதும் தூக்கும் மொத்த பாரத்துக்கும் கணக்கு வேண்டும். தள்ளுவண்டியும் சாய்வுப் பலகையும் கொடுக்க வேண்டும்.

5. வேலையால் வரும் கழுத்து, இடுப்பு வலியைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்ப்பது.

தோழர்களே! வலியை ஒளிக்காதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் ஷிப்டில் யார் யாருக்கு எங்கே வலி, எந்த வேலையில் வந்தது என்று எழுதிக் கணக்கெடுங்கள். ஒருவர் சொன்னால் வயசுக் கோளாறு என்பார்கள். நூறு பேர் கையெழுத்திட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் என்ன சொல்வார்கள்?