தோட்டத்து வீட்டுக்கு நாயோடு வரும் விருந்தினர்

கேள்வி: போடிமெட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டமும், இரண்டு அறை கொண்ட பழைய வீடும் இருக்கின்றன. ஏலக்காய் விலையை நம்பியே காலம் தள்ள முடியவில்லை. விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வீட்டை விட நினைக்கிறோம். விசாரிப்பவர்களில் பலர் வளர்ப்பு நாயையும் கூட்டி வரலாமா என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: சம்மதிக்கலாம். ஆனால் மருந்தடிக்கும் வாரத்தில் வேண்டாம்.

ஏலத்தில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மாதம் ஒரு தடவையாவது மருந்தடிக்கும் தோட்டங்களே அதிகம். ஏலத்துக்கு 2023 வரை அனுமதி இருந்த குயினால்பாஸின் வகையைச் சேர்ந்த மருந்து அடித்த தூர்களுக்குள் நாய் புகுந்து வந்தால், காலிலும் ரோமத்திலும் ஒட்டியதை நக்கியே விழுங்கிவிடும். மேட்டில் பனிமூட்டமும் சாரலும் இருக்கும் நாட்களில் இலை சீக்கிரம் காயாது. அதனால் அடித்த நாளிலிருந்து ஒரு வாரமாவது நாயைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது. எச்சில் ஒழுகுதல், வாந்தி, நடுக்கம், கண்பாவை சுருங்குதல் ஆகியவை விஷத்தின் அறிகுறிகள். உடனே அட்ரோபின் ஊசி போட வேண்டும். போடிக்கோ 25 கிலோமீட்டருக்கு மேல், 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போனால் கால்நடை மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும்.

மருந்தடிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, அந்த நாட்களுக்கு முன்பதிவு வாங்காமல் இருப்பதே சுலபம். விருந்தினர் அதிகம் வரும் மே மாதம் ஏலம் பூக்கும் காலமும்கூட. தேனீயை நினைத்தாவது அப்போது தெளிப்பைக் குறைக்கத்தான் வேண்டும்.

இதைவிட மோசமானது நத்தை மருந்து. மெட்டால்டிஹைடு குருணையை நாய் தீனி என்று நினைத்துத் தின்னும்; சில மணி நேரத்தில் வலிப்பு வந்துவிடும். நாயை அனுமதிக்கும் தோட்டத்தில் நத்தை மருந்தும் எலி மருந்தும் வைக்கவே கூடாது.

அடுத்தது வெறிநோய். தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கு அறை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. தோட்டத்து நாய்க்கும் இதே கணக்குத்தான். விருந்தாளி நாயோடு அது சண்டை போடாமல் இருக்காது. போடிப் பக்கமிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் பெண்கள் தூர்களுக்கு நடுவே குனிந்து வேலை செய்கிறவர்கள். முன்பின் தெரியாத நாய் பாய்ந்தால் கடி முகத்திலும் விழலாம். வேலை நேரத்தில் நாய் சங்கிலியில்தான் இருக்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நோய் முற்றினால் பிழைக்க வழியில்லை.

ஏலக்காய் ஸ்டோருக்கும், மிளகு காயும் களத்துக்கும் நாய் வரவே கூடாது. ரோமமும் மூத்திரமும் பட்ட சரக்கை யார் வாங்குவார்?

யானையை மறந்துவிடக் கூடாது. அரிக்கொம்பன் திரிந்த சின்னக்கானல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம்தான். 2023-இல் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட பிறகு, அது கம்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அவிழ்த்துவிட்ட நாய் யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு, எஜமானரை நோக்கியே ஓடிவரும். பின்னால் யானையும் வரும். பொழுது சாய்ந்தால் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. காட்டு நடைக்கு விருந்தினரைத் தோட்டக்காரர் தாமாகக் கூட்டிப் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதைத் தேனி மாவட்டம் மறந்திருக்காது.

வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால், தங்கும் இல்லப் பதிவுக்கு மாவட்ட சுற்றுலா அலுவலகத்தை அணுகலாம். சமைத்துப் போடுவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிய வேண்டும். கேரள எல்லைக்குள் என்றால், ஏலப் பட்டா நிலத்தில் கட்டடத்துக்கும் வேறு உபயோகத்துக்கும் கெடுபிடி உண்டு. சாந்தம்பாறைப் பக்கம் புதிதாக ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்கு முன் வருவாய்த்துறையில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

நாய்க்கென்று தனிக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. தரை சிமென்ட்டாக இருந்தால் கழுவுவது எளிது. மழைக்காலத்தில் அட்டை நாயின் மூக்குக்குள் போய்விடும். ஜூனிலிருந்து வருகிறவர்களுக்கு அதையும் முன்பே சொல்லிவிடலாம்.